உயிர்ச்சேதம் இல்லாத போர்

வாழைக்காய் பஜ்ஜியில் பாதியைக் கடித்த பிறகுதான் ஆதிநாதன் எதிர்ச் சுவரைப் பார்த்தான். கடித்த பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

சுவரில் சட்டம் போட்டுப் பெரிதாக மாட்டியிருந்தது ஒரு சினிமா போஸ்டர். துப்பாக்கி ஏந்திய இரண்டு சிப்பாய்கள் செஞ்சி மலைப் பாறையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பாறை முழுக்க வெள்ளைவெளேரென்று பனி. மேலே சிவப்பு எழுத்தில் ‘பனிமலைப் பாசறை’ என்றிருந்தது.

“நம்ம படந்தான் தம்பி,” என்றார் பெண்ணின் அப்பா யசோதரன். “போன வருஷம் எண்பத்து நாலுல நான் எடுத்தது.”

ஆதிநாதனுக்குப் புரையேறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சந்திரவதி அவன் முதுகில் தட்டி, தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் மில் வைத்திருப்பவர் வீட்டுப் பெண் என்றுதான் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். சினிமா எடுத்தவர் வீட்டுப் பெண் என்று யாரும் மூச்சு விடவில்லை. விழுப்புரம் ரயில்வே பார்சல் ஆபீசில் கிளார்க்காக இருப்பவனுக்கு மில்காரர் வீட்டிலிருந்து தானாக ஜாதகம் வந்தபோது, ஏன் எதற்கு என்று கேட்கிற நிலைமையில் தாயும் பிள்ளையும் இல்லை. அதற்குமுன் தட்டிப்போன இடங்கள் அத்தனை.

இப்போது பெண்ணையும் பார்த்தாகிவிட்டது. குசுமா பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு, வெட்கப்படுவதுபோல் நடிக்காமல், நிமிர்ந்து அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வையிலேயே ஆதிநாதன் மனசுக்குள் கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டது. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் இனி எந்த ஊர் பஜ்ஜியையும் தொடுவதில்லை என்று முடிவு செய்த கையோடுதான் அவன் சுவரைப் பார்த்தான்.

விஷயம் இதுதான். விழுப்புரத்தில் ‘பெண்ணை முரசு’ என்று ஒரு வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. பெயர்தான் வாரப் பத்திரிகை. ஆசிரியர் வெங்கடாசலத்துக்குக் காகிதம் கிடைக்கிற வாரத்தில்தான் வரும். அதில் ‘சல்லடை’ என்ற புனைபெயரில் சினிமா விமர்சனம் எழுதியது ஆதிநாதன். சர்க்கார் உத்தியோகம் என்பதால் சொந்தப் பெயரைப் போட முடியாது. ஆசிரியருக்கும், அம்மாவுக்கும், ஆபீஸ் சிநேகிதன் சூசைமுத்துவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம் அது. பார்சல் ஆபீசில் யாருக்கும் பதில் பேசாத சாது, பேனாவைப் பிடித்தால் வேறு ஆளாகிவிடுவான். ‘பனிமலைப் பாசறை’யை அவன் சலித்த சலிப்பில் சல்லடையில் ஒன்றுமே மிஞ்சவில்லை. மற்றப் பத்திரிகை எதுவும் ஏறெடுத்துப் பார்க்காத அந்தப் படத்துக்கு வந்த ஒரே விமர்சனம் அதுதான்.

“மெட்ராஸ் பேப்பர்க்காரன் எவனும் எழுதலை தம்பி. எழுதாதவன்லாம் புண்ணியவான்,” என்றார் யசோதரன். “உங்க ஊர்லதான் சல்லடைன்னு ஒருத்தன் கெடக்கறான்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தோத்திரம் சொல்கிற குரலில் ஒப்பிக்க ஆரம்பித்தார். ‘இந்தப் போரில் ஏற்பட்ட சேதத்தைவிட, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ்ஸுக்கு இடம் பிடிக்கையில் ஏற்படும் சேதம் அதிகம். படம் நெடுகக் குண்டு வீசியும் எதிரியின் செருப்புகூட அறுந்ததாகத் தெரியவில்லை. பொழுது சாய்ந்ததும் இரண்டு தரப்புச் சேனைகளும் சண்டையை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுகின்றன. இமயமலைப் பனியை நாலு ஆடுகள் நக்கிக்கொண்டிருக்கின்றன. தயாரிப்பாளர் தம் பழைய தொழிலுக்கே திரும்பினால், அதுதான் இந்தப் போரில் நாட்டுக்குக் கிடைக்கும் வெற்றி.’

ஒரு கால்புள்ளி தப்பவில்லை. இதை எழுதிய அன்று ஆதிநாதன் தானே படித்துத் தானே சிரித்தவன். இப்போது திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

யசோதரன் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். அந்தப் பனி மரக்காணத்து உப்பு; லாரியில் கொண்டுவந்து பாறைமேல் கொட்டினார்கள். உப்பைக் கண்டால் ஆடு வரத்தான் செய்யும். படத்தில் யாரும் சாகாததற்குக் காரணம் டைரக்டர் இல்லை, அவரேதான்.

“எறும்பை மிதிக்காம நடக்கற ஜைன வம்சம் நாம. என் கைக்காசுல சினிமாவுலகூட ஒரு உசுரு போவக் கூடாதுன்னு கண்டிசனா சொல்லிட்டேன். சண்டைக்காரன்னா பொழுதோட சாப்பிடக் கூடாதா? நீங்க பொழுதோட சாப்பிடறவருதானே தம்பி?”

“ஆமாங்க,” என்றான் ஆதிநாதன். பிறந்ததிலிருந்து இருட்டிய பிறகு ஒரு பருக்கை வாயில் போட்டதில்லை. ஊரில் எத்தனையோ பேர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, சிப்பாய்கள் ஏன் சாயங்காலமே சாப்பிடுகிறார்கள் என்று குழம்பியிருப்பார்கள். காரணம் புரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் அவன்தான். அவனுக்குத்தான் அது புரியவில்லை.

சந்திரவதிக்குப் பிள்ளை எழுதுவதில் பெருமை உண்டு. எந்த இடத்தில் பெருமைப்பட வேண்டும் என்ற கணக்கு மட்டும் அவளுக்குக் கிடையாது. “எங்க ஆதிகூட…” என்று ஆரம்பித்தாள். ஆதிநாதன் அவள் காலை அழுத்தி மிதித்தான்.

“எங்க ஆதிகூட பஜ்ஜின்னா உசுரை விடுவான்,” என்று முடித்தாள் அவள், வலி பொறுக்காமல்.

“படம் பாத்தீங்களா தம்பி?” என்று யசோதரன் கேட்டார்.

“இல்லீங்க.”

“அந்தச் சல்லடை மட்டும் என் கையில கெடைச்சா அடிக்க மாட்டேன். நம்ம வழக்கத்துல அது கெடையாது. இதே கூடத்துல குந்த வச்சி, மொத்தப் படத்தையும் திரும்பப் போட்டுக் காட்டுவேன்.”

“அதுக்கு அடியே தேவலை,” என்றாள் கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி தர்மதேவி. சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

அந்த விமர்சனம் வந்த நாளோடு சினிமாவைத் தலைமுழுகிவிட்டு மில்லே கதியென்று கிடப்பதாக யசோதரன் சொன்னார். அதைச் சொல்லும்போது அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடைசியில் ஒரு வேண்டுகோளும் வைத்தார். தம்பி விழுப்புரத்திலேயே இருப்பதால், அந்தச் சல்லடை யாரென்று விசாரித்துச் சொல்ல வேண்டும். ஆதிநாதன் தலையை ஆட்டினான். ஆட்டாமல் என்ன செய்வான்.

அடுத்த மாதம் நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று அவனை அனுப்பினார்கள். கிணற்றடியில் குசுமா நின்றிருந்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல், நீங்களும் அந்தப் படத்தில் நடித்தீர்களா என்று கேட்டுவைத்தான்.

“நடிக்கலை. ஆடு உள்ள வராம ஓட்டுறதுக்கு அப்பா என்னைத்தான் நிக்க வச்சாரு. தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள நாலு பூந்துடுச்சி. அந்தச் சல்லடை கண்ணுக்கு அதுவும் தப்பலை.”

கல்யாணம் ஆவதற்குமுன்பே மாமனாரை மட்டுமல்ல, மனைவியையும் அச்சில் ஏற்றிக் கேலி செய்தாகிவிட்டது. இப்படி ஒரு மாப்பிள்ளை தென்னாற்காட்டிலேயே இருக்க முடியாது என்று ஆதிநாதனுக்குத் தோன்றியது. அவளோ சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அவனுக்கு இன்னும் பயம் அதிகமாகிவிட்டது.

மறுநாள் பார்சல் ஆபீசில், மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து சூசைமுத்துவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். சூசைமுத்துவுக்கு எந்தப் பிரச்சினைக்கும் உடனே ஒரு வழி தோன்றிவிடும். அந்த வழியில் போனவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதைப் பற்றி அவன் கவலைப்பட்டதில்லை.

“இதுல இன்னாடா பேஜாரு? காயம் பண்ணது உன் பேனா. அதே பேனாவால மருந்து போடு. வேற பேர்ல அந்தப் படத்தைப் புகழ்ந்து எழுது. மனுசன் குளுந்துட்டாருன்னா சல்லடையைத் தேடமாட்டாரு.”

ஆதிநாதனுக்கு அது சரியென்றே பட்டது. ஆசிரியர் வெங்கடாசலம் அதைவிடச் சந்தோஷப்பட்டார். தன் பத்திரிகையில் வந்ததற்குத் தன் பத்திரிகையிலேயே மறுப்பு வந்தால், பத்திரிகையை நாலு பேர் படிக்கிறார்கள் என்று ஊர் நம்பும் என்பது அவர் கணக்கு. சல்லடை யாரென்று யார் வந்து கேட்டாலும் சொல்வதில்லை என்று சத்தியமும் செய்துகொடுத்தார்.

எழுத உட்கார்ந்தபோது முதல் வரி வரவே இல்லை. பொய்யாக எப்படிப் புகழ்வது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு, கேலி செய்ததையே திருப்பிப் போட்டுப் பார்த்தான். ஆச்சரியமாக அது நின்றது. ‘போர்ப் படம் என்றால் பிணக்குவியல் என்று பழகிப்போன நமக்கு, ஓர் உயிர்கூடப் போகாத ஒரு போரைக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் பொழுதோடு சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி எழுகிறார்கள். குண்டு விழும் இடத்தில் ஆடுகள் அஞ்சாமல் மேய்கின்றன. இதைவிடப் பெரிய சமாதானச் செய்தி எது?’ என்று எழுதினான். எழுத எழுத, படம் உண்மையிலேயே அவ்வளவு மோசமில்லையோ என்ற சந்தேகம் அவனுக்கே வந்துவிட்டது. அந்த வேகத்தில், முடிப்பதற்கு ஓசையாக ஒரு வாக்கியம் வேண்டுமே என்று, ‘இதன் இரண்டாம் பாகத்துக்காக நாடு காத்திருக்கிறது’ என்று எழுதி, கீழே ‘தேவநாதன், விக்கிரவாண்டி’ என்று பெயர் போட்டான். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் என்பதால் இரண்டு ஊரிலும் யாரும் தேட மாட்டார்கள் என்று நினைத்தான்.

ஓசைக்காக எழுதிய வாக்கியம்தான் அவனை ஓட ஓட விரட்டியது.

பத்திரிகை வந்த இரண்டாவது நாளே யசோதரன் பார்சல் ஆபீஸ் வாசலில் வந்து இறங்கினார். பின்னாலேயே ஒரு மூட்டை மல்லாட்டை இறங்கியது. கையில் ‘பெண்ணை முரசு’. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். ஆதிநாதனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நாடு காத்துக்கினு இருக்குதாம் தம்பி,” என்றார்.

கண்ணில் நீர் தளும்பியது. ஆதிநாதனுக்கும் ஒரு கணம் மனசு நெகிழ்ந்தது. ஒரு பக்கம் எழுதி ஒரு மனிதரை இவ்வளவு சந்தோஷப்படுத்த முடியுமென்றால், இத்தனை நாள் சல்லடையை ஏன் கட்டிக்கொண்டு அழுதோம் என்றுகூட நினைத்தான். அந்த நல்ல நினைப்பு அடுத்த பேச்சில் போய்விட்டது.

யசோதரன் இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறாராம். இந்தத் தடவை கடற்படை. கோட்டக்குப்பம் கடற்கரையில் படப்பிடிப்பு. இரண்டு கப்பல் மோதிக்கொண்டு இரண்டும் முழுகிப்போகும்.

“ஆனா ஒருத்தனும் சாவமாட்டான். எல்லாரும் நீச்சல் தெரிஞ்சவனா இருப்பான். எதிரிக் கப்பல்காரன் உள்பட.”

அதோடு நிற்கவில்லை. விக்கிரவாண்டித் தேவநாதனை உடனே பார்க்க வேண்டும், வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்துச் சால்வை போர்த்த வேண்டும் என்றார். அப்படி ஒருவரைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் அதோடு தீர்ந்திருக்கும். ஆனால் அவர் விக்கிரவாண்டியில் போய்த் தெருத் தெருவாக விசாரிக்கிறேன் என்று கிளம்பியதும், ஆதிநாதன் பதறிப்போய், தனக்குத் தெரிந்தவர்தான், ஞாயிற்றுக்கிழமை தானே அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் பேனாவாலும் கெட்டது, வாயாலும் கெட்டது.

தேவநாதனாகப் போக சூசைமுத்துவைத் தவிர வேறு யாரும் இல்லை. யோசனை அவனுடையது என்பதால் அவனால் தட்டவும் முடியவில்லை. சலவை வேட்டி கட்டி, ஸ்டேஷன் மாஸ்டரின் பழைய மூக்குக்கண்ணாடியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டான். அதைப் போட்டால் அவனுக்குப் பாதை தெரியவில்லை என்பதால், ஆதிநாதன்தான் கையைப் பிடித்து பஸ் ஏற்றினான். படத்தை சூசைமுத்து பார்த்ததில்லை. வழியில் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தான் ஆதிநாதன். கதாநாயகன் எல்லைக்குப் போகிற கட்டத்தில் சூசைமுத்து தூங்க ஆரம்பித்தான். திண்டிவனத்தில்தான் எழுந்தான்.

விருந்து பெரிய விருந்து. கிழங்கு வகை ஒன்றுகூட இல்லாமல் இலை நிறைய அத்தனை கறி கூட்டு வைக்க முடியும் என்று சூசைமுத்து அன்றுதான் தெரிந்துகொண்டான். பாயசம் வரும்வரை அவன் வாயைச் சாப்பிடுவதற்கு மட்டுமே பயன்படுத்தியதால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பாயசம் உள்ளே போனதும் அவனுக்கு நன்றியுணர்ச்சி பொங்கிவிட்டது.

“கடைசியில ஹீரோ செத்துப்போறாரு பாருங்க,” என்றான். “அந்த எடத்துல நான் தேம்பித் தேம்பி அழுதுட்டேங்க.”

யசோதரனின் கை இலையிலேயே நின்றது. பரிமாறிக்கொண்டிருந்த தர்மதேவி நிமிர்ந்து பார்த்தாள். குசுமா கரண்டியோடு திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

“ஹீரோ எங்கங்க செத்தான்?” என்றார் யசோதரன் மெதுவாக.

சூசைமுத்து கண்ணாடிக்குள்ளிருந்து விழித்தான். ஆதிநாதன் எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். இந்த வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது, குசுமாவை இனி பார்க்க முடியாது என்று நினைத்தபோது நெஞ்சை அடைத்தது. அந்த அடைப்பிலிருந்துதான் அடுத்த பொய் வந்தது.

“செத்துடுவாரோன்னு பயந்து அழுதாருங்க. எங்கிட்டகூட இதையேதான் சொன்னாரு. அவ்வளவு பயமா இருந்துதாம்.”

யசோதரன் மேல்துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஒருத்தனையும் சாவ அடிக்காம ஒரு மனுசனை அழ வச்சிருக்கேன், தேவி, கேட்டியா?” என்றார் மனைவியிடம். “இதுக்குமேல எனக்கு இன்னா வேணும்?”

தர்மதேவி ரசப் பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். வைத்த சத்தம் மில் வரைக்கும் கேட்டிருக்கும்.

யசோதரனுக்கு இப்போது யாரும் தடை போட முடியவில்லை. இரண்டாம் பாகத்துக்கு வசனம் தேவநாதன்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார். சூசைமுத்து யோசிக்காமல் ஒத்துக்கொண்டான். ஆதிநாதனுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் தலையில் இடியாக விழுந்தது.

அடுத்த மாதம் வைத்திருந்த நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைக்கப் போகிறாராம். படத்தை முடித்து வெளியிட்டு, அது நூறு நாள் ஓடியதும், அந்த விழா மேடையிலேயே குசுமாவின் கல்யாணத்தை நடத்திவிடுவாராம். ஊரே வந்து வாழ்த்துமாம்.

‘பனிமலைப் பாசறை’ விழுப்புரத்தில் வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை போன படம். திண்டிவனம் சொந்த ஊர் என்பதால் செவ்வாய்வரை தாக்குப்பிடித்தது. அதன் இரண்டாம் பாகம் நூறு நாள் ஓடினால்தான் கல்யாணம் என்பதற்கு, கல்யாணமே இல்லை என்று தமிழில் நேராகவே சொல்லியிருக்கலாம்.

கிளம்பும்போது வாசலில் குசுமா செருப்பை எடுத்துவைப்பதுபோல் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னாள்.

“அப்பா ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாரு. ஜல்தியா ஏதாச்சும் பண்ணுங்க. இந்தத் தடவை கடற்கரையில என்னைக் காக்கா ஓட்ட நிக்க வச்சிடுவாரு.”

அவளுக்கும் தன்னைப் பிடித்திருக்கிறது என்பது அந்தப் பேச்சில்தான் ஆதிநாதனுக்குத் தெரிந்தது. சந்தோஷப்படவும் முடியவில்லை. பஸ்ஸில் சூசைமுத்து கப்பல் முழுகுகிற நேரத்தில் ஒரு டூயட் வைத்தால் என்ன என்று கேட்டான். ஆதிநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த வாரம் முழுக்க யோசித்தான். இன்னொரு பொய்க்குச் சரக்கு இல்லை. இருந்தாலும் பயமாக இருந்தது. இதுவரை சொன்ன ஒவ்வொரு பொய்யும் கல்யாணத்தை ஒரு முழம் தள்ளித்தான் வைத்திருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். சல்லடை நான்தான் என்று சொல்ல வேண்டும். கூடத்தில் குந்த வைத்து முழுப் படத்தையும் போட்டுக் காட்டினாலும் பார்த்துத் தொலைக்க வேண்டியதுதான். பெண் கிடைக்காது. ஆனாலும் நல்ல மனுஷர் ஒருவரை இப்படிக் கடலில் இறக்கிவிட்ட பாவமாவது தீரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகத் திண்டிவனம் போனான். யசோதரன் வீட்டில் இல்லை. கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று குசுமாவையும் கூட்டிக்கொண்டு கோட்டக்குப்பம் போயிருந்தார். தர்மதேவி கூடத்தில் உட்கார்ந்து முறத்தில் மல்லாட்டைப் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள். வரச்சொல்லி, உட்காரச்சொல்லி, மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

அவர் வருகிறவரை காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று ஆதிநாதனுக்குத் தெரியும். இந்த அம்மாளிடமே சொல்லிவிட்டால், அவள் பக்குவமாக அவரிடம் எடுத்துச் சொல்லக்கூடும். மோர் டம்ளரைக் கீழே வைத்தான். எடுத்தான். மறுபடியும் வைத்தான்.

“அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க தம்பி.”

“தப்பா எடுத்துக்கக் கூடாது. நான் முதல் நாளே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். குசுமாவைப் பாத்த பிறகு சொல்ல வாய் வரலை.”

முறம் நிற்கவில்லை.

“அந்தப் படத்தை நான் பாத்திருக்கேங்க. அதைக் கிழிகிழின்னு கிழிச்சி எழுதின சல்லடை நான்தாங்க.”

தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான். சொல்லிவிட்டது ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. இன்னொரு பக்கம் அழுகை வந்தது. எழுந்து போகச் சொன்னால் செருப்பை எங்கே விட்டோம் என்றுகூட நினைவில்லை.

தர்மதேவி முறத்தைக் கீழே வைத்தாள். தோலை ஊதித் தள்ளிவிட்டு, வாசற்பக்கம் யாரும் இல்லையே என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“மேல்சித்தாமூர் கோயில் தேருக்கு வந்தப்ப சல்லடை எம்புள்ளதான்னு உங்கம்மா பெருமையா சொல்லிக்கினு இருந்தாங்க, அதைக் கேட்டுட்டுத்தானே தம்பி, எங்க வூட்டுக்காரரை சினிமாவுலேர்ந்து மில்லுக்கு இழுத்தாந்த புண்ணியவான் நீங்கன்னு தேடி ஜாதகம் அனுப்பினேன், இப்ப அவரைத் திரும்பக் கெளப்பி வுட்டுட்டான் பாருங்க அந்தத் தேவநாதன், அவனை மட்டும் இந்த வாரம் சல்லடையில போட்டு நல்லா சலிச்சிக் குடுத்துடுங்க, தை மாசமே கல்யாணத்தை வச்சிடலாம்.”